டாக்ஸின்–ஆன்டிடாக்ஸின் ஓப்பரான் தன்னைத்தானே எப்படி அடக்கிக்குது? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

லேப்ல புதுசா சேர்ற பசங்க கிட்ட டாக்ஸின்–ஆன்டிடாக்ஸின் பத்திக் கேட்டா எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்லுவாங்க. பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள்ள குரோமோசோம் இல்லாம தனியா இருக்குற சின்ன டிஎன்ஏ) ஒரு விஷத்தையும் அதுக்கு முறிவையும் சேத்தே தயார் பண்ணுது, பிளாஸ்மிட் தொலைஞ்சு போச்சுன்னா முறிவு சீக்கிரம் காலி ஆயிடும், விஷம் மட்டும் மிஞ்சும், செல் செத்துடும். சரிதான், தப்பே இல்ல. ஆனா "அந்த ரெண்டு ஜீனையும் ஆன் பண்றது யாரு, ஆஃப் பண்றது யாரு"ன்னு அடுத்த கேள்வி போட்டா பாதிப் பேரு முழிப்பாங்க. நானும் முழிச்சவன்தான், ஆறு மாசம் ஜெல் ஓட்டினப்புறம்தான் எனக்கே பிடிபட்டுச்சு, அதனால நான் எந்த வரிசையில புரிஞ்சுக்கிட்டா நல்லா இருந்திருக்கும்னு இப்ப தோணுதோ அந்த வரிசையிலயே எழுதுறேன்.

ஓப்பரான்னா ஒரே ஸ்விட்சுக்குக் கீழ சேந்து ஓடுற ஜீன் கூட்டம். ஒரே ஒரு ஓப்பரானை எடுத்துக்குவோம், ஈ.கோலையோட எஃப் பிளாஸ்மிட்ல இருக்குற சிசிடி. பத்து சிஸ்டத்தை ஒரே நேரத்துல படிச்சா எல்லாம் குழம்பிடும். ஒரு வெள்ளைத் தாளும் ரெண்டு கலர் பேனாவும் பக்கத்துல வெச்சுக்கோங்க, படம் போடாம இது மண்டையில ஏறாது.

படி 1: ஆளுங்களைத் தெரிஞ்சுக்கோங்க

ரெண்டு பேருதான். சிசிடி-ஏ, இதுதான் ஆன்டிடாக்ஸின், 72 அமினோ அமிலம். சிசிடி-பி, இது டாக்ஸின், 101 அமினோ அமிலம். இனிமே சுருக்கமா 'ஏ', 'பி'ன்னு சொல்றேன். ரெண்டுமே ஜோடி ஜோடியாத்தான் திரியும், அதாவது டைமர், இதை இப்பவே மனசுல போட்டு வெச்சுக்கோங்க, பின்னாடி இதுல நான் வாங்கின அடியைச் சொல்றேன்.

பி என்ன பண்ணும்னா டிஎன்ஏ கைரேஸைப் பிடிக்கும். கைரேஸோட வேலை டிஎன்ஏவோட ரெண்டு இழையையும் வெட்டி, முறுக்கைச் சரி பண்ணி, திரும்ப ஒட்டுறது. பி வந்து அதை வெட்டினதுக்கும் ஒட்டுறதுக்கும் நடுவுல அப்படியே மாட்ட வெச்சிடும், வெட்டுப்பட்ட டிஎன்ஏ வெட்டுப்பட்டபடியே கிடக்கும், செல்லுக்கு கதை முடிஞ்சுது. சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் இதே கைரேஸைத்தான் இதே மாதிரி மாட்ட வைக்குது, ஆனா போய் உக்கார்ற இடம் வேற.

ஏ-க்கு ரெண்டு பாகம். முன்பாகம் ஒழுங்கா மடிஞ்சு டிஎன்ஏவைப் பிடிக்கும். பின்பாகம் ஒரு வால் மாதிரி, தனியா இருக்கும்போது அதுக்கு உருவமே கிடையாது, தொளதொளன்னு ஆடும், பி கிடைச்சாதான் அதைச் சுத்தி ஒழுங்கா உக்காரும். ஏ ஜோடியா இருக்கிறதால ஒரு ஏ டைமருக்கு ரெண்டு வால். கைரேஸ் மேல ஏற்கனவே உக்காந்திருக்குற பியைக்கூட இந்த வால் உரிச்சு எடுத்துடும். சும்மா பக்கத்துல நின்னு தடுக்குற ஆள்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.

1983-ல ஜப்பான்ல ஒகுராவும் ஹிராகாவும் இந்த ஜீன்களைப் பத்தி எழுதினாங்க. அப்போ பிளாஸ்மிட் பெருகுறதையும் செல் பிரியறதையும் சேத்துக் கட்டிப்போடுற ஜீன்கள்னு நினைச்சு அதுக்கேத்த மாதிரி சிசிடின்னு பேரு வெச்சாங்க, பின்னாடி செல் சாவுதான் விஷயம்னு தெரிஞ்சதும் அதே மூணு எழுத்துக்கு வேற விரிவு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பேரை மாத்தாம அர்த்தத்தை மட்டும் மாத்திட்டாங்க!

படி 2: யாரு எவ்வளவு நேரம் உயிரோட இருப்பாங்கன்னு பாருங்க

பி ஊறுகாய் மாதிரி, செஞ்சு வெச்சா கெடாது. ஏ பால் மாதிரி, தினமும் வாங்கியாகணும். ஏ-யை அழிக்கிறது 'லான்'ங்கிற ஒரு ப்ரோட்டியேஸ் (புரோட்டீனை வெட்டுற என்சைம்), அந்தத் தொளதொள வாலைப் பாத்தாலே அதுக்கு குஷி. ஆனா ஏ-யோட வால் பி மேல சுத்தியிருந்தா லான்கிட்ட சீக்கிரம் மாட்டாது. இதனால செல்லுக்குள்ள ஏ-யோட அளவு எப்பவும் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், பி கொஞ்சம் நிதானமாதான் மாறும்.

படி 3: ஜீன் எந்த வரிசையில இருக்குன்னு பாருங்க

ப்ரோமோட்டர் (ஜீனைப் படிக்க ஆரம்பிக்கிற இடம், அதான் ஸ்விட்ச்) ஒண்ணு, அதுக்கு அப்புறம் ஏ ஜீன், அதை ஒட்டியே பி ஜீன். ஒரே எம்ஆர்என்ஏல ரெண்டும் வரும். ஆனா அந்த ஒரே எம்ஆர்என்ஏல இருந்து ஏ அதிகமா தயாராகும், பி கம்மியாதான் தயாராகும். இது ரொம்ப முக்கியம், இதை விட்டுட்டா படி 5 புரியவே புரியாது, தாள்ல பெருசா எழுதி வட்டம் போட்டுக்கோங்க.

ப்ரோமோட்டர் பக்கத்துலயே ஏ உக்கார்றதுக்கு வரிசையா பல இடம் இருக்கு. ஒரு இடம் இல்ல, பல இடம். இதுலதான் சூட்சுமமே இருக்கு.

படி 4: சரம் கட்டிப் பாருங்க

இங்க நிதானமா வாங்க.

ஏ தனியா டிஎன்ஏல உக்காரும், ஆனா பிடி ரொம்ப லேசு. உக்காரும், எந்திரிக்கும், உக்காரும், எந்திரிக்கும். ஏ மட்டும் இருந்தா ஓப்பரான் அரைகுறையாதான் மூடும். பலரும் "ஆன்டிடாக்ஸின் தான் ரெப்ரசர்"னு (ஜீனை மூடுற ஆள்) எழுதி நிறுத்திடுவாங்க, அது பாதி உண்மை.

இப்போ பி உள்ள வருது. ஒரு பி டைமரால ரெண்டு வாலைப் பிடிக்க முடியும், முதல் வாலை இறுக்கிப் பிடிக்கும், ரெண்டாவது வாலை அவ்வளவு இறுக்கமா பிடிக்காது. அந்த ரெண்டு வாலும் ரெண்டு வேற வேற ஏ டைமரோடதா இருக்கலாம். அப்போ பி ஒரு பாலம் ஆயிடுது: ஏ–பி–ஏ–பி–ஏ. பூக்காரம்மா மல்லியும் மருவும் மாத்தி மாத்தி வெச்சு சரம் கட்டுவாங்களே, அதே மாதிரி. ஒவ்வொரு ஏ-யும் தனித்தனியா லேசா பிடிச்சாலும், எல்லாரும் ஒரே சரத்துல இருக்கிறதால ஒருத்தர் கை விட்டாலும் மத்தவங்க விட மாட்டாங்க, மொத்தச் சரமும் டிஎன்ஏவைச் சுத்தி கெட்டியா உக்காந்துடும். ப்ரோமோட்டர் மூடியாச்சு. டாக்ஸின் தன்னோட ஜீனை மூடுறதுக்கே ஒத்தாசை பண்ணுது, இதுக்கு கோ-ரெப்ரசர்னு பேரு.

சரி, இன்னும் கொஞ்சம் பி சேத்தா என்ன ஆகும்? இன்னும் கெட்டியாகும்னுதானே தோணும். ஆகாது. பி நிறைய இருந்தா ஒவ்வொரு வாலுக்கும் தனித்தனியா ஒரு பி டைமர் கிடைச்சுடும், ரெண்டு பேரு ஒரு பியைப் பங்கு போட்டுக்க வேண்டிய அவசியமே இல்ல. பி–ஏ–பி, அவ்வளவுதான், ரெண்டு பக்கமும் முடிச்சு போட்டாச்சு, அடுத்த பூ கோக்க நூல் இல்ல. சரம் துண்டு துண்டா ஆயிடுது. துண்டுகளுக்கு டிஎன்ஏவை இறுக்கிப் பிடிக்கிற பலம் கிடையாது, விழுந்துடும். ப்ரோமோட்டர் திறந்துடுது.

இதைத் தாள்ல போடுங்க. ஏ-க்கு பச்சை, பி-க்கு சிவப்பு. முதல் படம் சரம், எண்ணிக்கை 1:1. ரெண்டாவது படம் பி–ஏ–பி, ரெண்டு பங்கு சிவப்புக்கு ஒரு பங்கு பச்சை. ஆக, அளவு இல்லீங்க விஷயம், விகிதம்தான் விஷயம். மொத்தம் எத்தனை பி இருக்குன்னு இந்த ஓப்பரானுக்குத் தெரியாது, ஏ-க்கு எத்தனை பி இருக்குன்னுதான் தெரியும்.

இந்த நடத்தைக்கு கண்டிஷனல் கோ-ஆப்பரேட்டிவிட்டின்னு பேரு. 2008-ல ரெல்-பிஇன்னு இன்னொரு டாக்ஸின்–ஆன்டிடாக்ஸின் ஓப்பரான்ல இதைத் தெளிவா காட்டினாங்க, 2010-ல பி1-ங்கிற பிளாஸ்மிடோட (P1, நம்ம பி இல்ல) பிஹெச்டி–டாக் ஜோடியில அமைப்போட சேத்துக் காட்டினாங்க. ஆமாங்க, ஆன்டிடாக்ஸினுக்கு பேரே பிஹெச்டி, டாக்ஸினுக்கு பேரு டாக். பேரு வெச்சவங்க குசும்பு புடிச்சவங்க, ஆனா அது நிஜமாவே ஒரு சுருக்கம்தான், செல் சாகாம தடுக்கிறது ஒண்ணு, பிளாஸ்மிட் போனா சாகடிக்கிறது ஒண்ணு.

படி 5: கையால ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க

இங்க எல்லாருக்கும் வர்ற சந்தேகம் ஒண்ணு இருக்கு. பி ஜாஸ்தியா இருக்கும்போது ஓப்பரானைத் திறந்தா இன்னும் பி தானே வரும், எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துற வேலை இல்லையா இது?

படி 3-ல வட்டம் போட்டதைப் பாருங்க. ஓப்பரான் திறந்தா ஏ-யும் பி-யும் ரெண்டும் வரும், ஆனா ஏ நிறைய வரும். அதனால திறந்த உடனே விகிதம் ஏ பக்கம் சாயும். ஏ போதுமான அளவு வந்ததும் துண்டு துண்டா இருந்தது மறுபடி சரமாகும், மூடிக்கும். லான் ஏ-யைக் கடிச்சுத் தின்னுட்டே இருக்கும், ஏ குறையும், பி மிஞ்சும், சரம் அறுபடும், திறக்கும், ஏ வரும், மூடும். இது சுத்திக்கிட்டே இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க: 10 ஏ, 10 பி இருக்கு. அஞ்சு ஏ-யை அழிச்சாச்சு, இப்போ 5-க்கு 10, திறக்குது. ஒரு ரவுண்டுல 8 ஏ, 2 பி வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க (சும்மா ஒரு நம்பர், அளந்த நம்பர் இல்ல), இப்போ 13-க்கு 12. மூடிடுச்சு. இதே வேலையை ஏ-யும் பி-யும் சம அளவு வர்ற மாதிரி போட்டுப் பாருங்க, எத்தனை ரவுண்டு ஆனாலும் பி-தான் எப்பவும் முன்னால நிக்கும்.

படி 6: யாருக்காக இந்தக் கட்டுப்பாடுன்னு கேளுங்க

நான் ரொம்ப நாள் தப்பா நினைச்சுக்கிட்டிருந்த இடம் இது. பிளாஸ்மிட் தொலைஞ்ச செல் சாகுறதுக்கும் இந்தத் திறந்து மூடுற விளையாட்டுக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னு நினைச்சேன். யோசிச்சுப் பாருங்க, பிளாஸ்மிட் தொலைஞ்ச செல்லுல அந்த ஓப்பரானே இல்லையே, எதைத் திறக்கிறது, எதை மூடுறது? அங்க நடக்குறது வெறும் பால் தீந்து ஊறுகாய் மிஞ்சுற கதை மட்டும்தான்.

கட்டுப்பாடு வேலை செய்யறது பிளாஸ்மிட் இருக்குற செல்லுக்குள்ள. அங்க அது ரெண்டு காரியம் பாக்குது. ஏ தற்செயலா கொஞ்சம் குறைஞ்சுட்டா பிளாஸ்மிட் இருக்குற செல்லே அநியாயமா சாகாம பாத்துக்குது. இன்னொண்ணு, கைவசம் எப்பவும் கொஞ்சம் பி இருப்புல இருக்கும், ஆனா கட்டிப்போட்ட நிலையில. மகள் செல்லுக்கு பிளாஸ்மிட் போகலைன்னாலும் அந்த இருப்பு போய்ச் சேரும், அப்புறம் ஏ அழிய அழிய பி வெளிய வரும்.

எஃப் மாதிரி பிளாஸ்மிடுக்கு இது ஏன் தேவைன்னா, அது ஒரு செல்லுல ஒண்ணு ரெண்டு காப்பிதான் இருக்கும். செல் பிரியும்போது ரெண்டே காப்பி இருந்து, அது எந்தப் பக்கம் போகும்னு யாரும் பாத்துக்கலைன்னா, ரெண்டும் ஒரே பக்கம் போறதுக்கு 2-ல 1 வாய்ப்பு. அதே 20 காப்பி இருந்தா அந்த வாய்ப்பு 5 லட்சத்துல ஒண்ணுக்கும் கீழ போயிடும். அதனாலதான் சின்னச் சின்ன, நிறைய காப்பி இருக்குற பிளாஸ்மிடுக்கு இந்தக் கவலை கம்மி. எஃப் பிளாஸ்மிட் சுமார் ஒரு லட்சம் பேஸ் நீளம், அவ்வளவு பெரிய சாமானை 20 காப்பி வெச்சுக்கிட்டா செல் தாங்காது. எஃப்புக்கு காப்பியை ரெண்டு பக்கமும் பிரிச்சு அனுப்புறதுக்குன்னு தனி ஏற்பாடும் இருக்கு, சிசிடி அது தவறும்போது பிடிக்கிற கடைசி வலை.

படி 7: பெஞ்சுல பாருங்க

ரெண்டு சோதனை தெரிஞ்சா போதும், பேப்பர்ல பாதிப் படம் புரிஞ்சுடும்.

முதல்ல ரிப்போர்ட்டர். ப்ரோமோட்டரையும் ஏ உக்கார்ற இடங்களையும் வெட்டி எடுத்து லாக்-இசட் ஜீனுக்கு (இது வேலை செஞ்சா எக்ஸ்-கால்ங்கிற பொருள் நீலமாகும்) முன்னாடி ஒட்டுவாங்க. வேற பிளாஸ்மிட்ல இருந்து ஒண்ணும் குடுக்காம, ஏ மட்டும், ஏ-யும் பி-யும் சேத்துன்னு மூணு விதமா பாப்பாங்க. ஒண்ணும் இல்லைன்னா எக்ஸ்-கால் ப்ளேட்ல காலனி நல்ல நீலம். ஏ மட்டும்னா கொஞ்சம் மங்கும். ரெண்டும் சேந்தா வெளிறிடும்.

அடுத்தது ஜெல் ஷிஃப்ட். ப்ரோமோட்டர் துண்டை லேபிள் பண்ணி, ஏ-யோட அளவை மாத்தாம, பியை லேன் லேனா ஏத்திக்கிட்டே போய் ஜெல்லுல ஓட்டணும். டிஎன்ஏ மேல ப்ரோட்டீன் உக்காந்தா பேண்ட் மெதுவா நகரும், மேலயே நிக்கும். பி ஏற ஏற பேண்ட் மேல போகும், 1:1 பக்கத்துல நல்லா மேல நிக்கும், அதுக்கு மேல பி போட்டா அதே பேண்ட் மறுபடி கீழ இறங்கும். அந்த ஏறி இறங்குற வளைவைக் கண்ணால பாத்துட்டா படி 4 ஜென்மத்துக்கும் மறக்காது.

எனக்கு முதல் தடவை அது வரல. 1:1 போட்ட லேன்ல ஷிஃப்டே இல்ல, 0.5 போட்ட லேன்ல அட்டகாசமா இருந்துச்சு. ப்ரோட்டீன் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு திரும்ப ரெண்டு வாரம் ப்யூரிஃபை பண்ணேன், மறுபடி அதே படம். கடைசில பாத்தா எக்ஸெல்ல ஏ-யை மோனோமர் கணக்குலயும் பியை டைமர் கணக்குலயும் போட்டிருக்கேன். நான் 1:1-னு நினைச்சது உண்மையில 1:2, அதாவது சரம் அறுபடுற விகிதம். ஜெல் சரியாதான் சொல்லிச்சு, நான்தான் கேக்கல. அதனால ரெண்டையும் மோனோமர் கணக்குலயே எழுதுங்க, ட்யூப் மேலயும் "மோனோமர்"னு எழுதி ஒட்டுங்க.

ப்யூரிஃபை பண்றதுல இன்னொரு தொல்லை, ஏ-யும் பி-யும் அவ்வளவு சுலபமா பிரியாது. ரெண்டையும் சேத்தே செல்லுல தயார் பண்ணி, ஒண்ணுல மட்டும் ஹிஸ்-டேக் (நிக்கல்ல ஒட்டுற ஒரு கொக்கி) வெச்சு நிக்கல் காலம்ல ஏத்தி, புரோட்டீன் மடிப்பை அவிழ்க்கிற குவானிடீன் ஊத்தி மத்ததைக் கழட்டி, அப்புறம் மெதுவா திரும்ப மடிய விடுறது வழக்கம். பொறுமை வேணும்.

படி 8: எந்த ஸ்ட்ரெய்ன்ல பண்றீங்கன்னு பாருங்க

இதைப் பாக்காம ஆரம்பிச்சீங்கன்னா முதல் வாரமே காலி ப்ளேட்தான். பி ஜீன் இருக்குற வெக்டாரை (ஜீனைச் சுமக்குற பிளாஸ்மிட்) சாதாரண ஸ்ட்ரெய்ன்ல (பாக்டீரியா வகை) போட்டா ஒரு காலனிகூட வராது, எல்லாம் செத்துடும். கைரேஸோட ஒரு பாகத்துக்கான ஜீன் ஜைர்-ஏ, அதுல 462 மாற்றம் இருக்குற ஸ்ட்ரெய்ன் வேணும், டிபி3.1 மாதிரி. கைரேஸ்ல 462-வது இடத்துல ஆர்ஜினின் போய் சிஸ்டீன் வந்திருக்கும், பியால பிடிக்க முடியாது.

ஒரு பொறி இருக்கு. டிஎச்5-ஆல்ஃபாவோட ஜீனோடைப்லயும் ஜைர்-ஏன்னு எழுதியிருக்கும், அதைப் பாத்துட்டு "அதான் ஜைர்-ஏ மாறியிருக்கே"ன்னு போயிடாதீங்க. அது ஜைர்-ஏ 96, நாலிடிக்ஸிக் அமிலத்தைத் தாங்கும், பியைத் தாங்காது. அதனாலதானே கேட்வேங்கிற குளோனிங் முறையில வெக்டார்ல பியை வெச்சு டிஎச்5-ஆல்ஃபாவுல போடுறாங்க, உங்க ஜீன் உள்ள போய் பி வெளிய வந்த வெக்டார் மட்டும்தான் காலனி குடுக்கும்.

அதுக்கு நேரெதிர் பொறி, எஃப் ப்ரைம் (எஃப் பிளாஸ்மிடோட ஒரு வகை) இருக்குற ஸ்ட்ரெய்ன். எக்ஸ்எல்1-ப்ளூ, டாப்10 எஃப் ப்ரைம் மாதிரி. அதுல ஏற்கனவே ஏ இருக்கு, பி வந்தாலும் முறிச்சுடும், அதனால உங்க ஜீன் போகாத, பி அப்படியே இருக்குற வெக்டாரும் காலனி குடுத்து உங்களை ஏமாத்தும். ரிப்போர்ட்டர் சோதனைக்கும் இதே பிரச்சனை, அந்த எஃப்ல இருந்து வர்ற ஏ-யும் பி-யும் நீங்க கேக்காமலே உங்க ப்ரோமோட்டர் மேல போய் உக்காந்துக்கும். எஃப் இல்லாத, ஜைர்-ஏ 462 இருக்குற ஸ்ட்ரெய்ன், ரெண்டும் சேந்து வேணும்.

படி 9: மத்த சிஸ்டத்துக்குப் போகும்போது எதை மாத்தணும்

எல்லாமே சிசிடி மாதிரி இருக்காது. பி1-ல பிஹெச்டி–டாக் கிட்டத்தட்ட இதே ஆட்டம்தான், ஆனா ஆன்டிடாக்ஸினை அழிக்கிறது லான் இல்ல, க்ளிப்-எக்ஸ்பின்னு இன்னொரு ப்ரோட்டியேஸ், டாக் போய் அடிக்கிறது கைரேஸ் இல்ல, புரோட்டீன் தயாரிப்புல இருக்குற இஎஃப்-டியூவை. ஆர்கே2 பிளாஸ்மிட்ல பார்-டி, பார்-இ, அங்க ஆன்டிடாக்ஸின் ஒருத்தரே ஓப்பரானை மூட போதும். பிஎஸ்எம்19035-ல எப்சிலான்–ஸீட்டா, அங்க ஆன்டிடாக்ஸினுக்கு இந்த வேலையே இல்ல, ஒமேகான்னு மூணாவது ஒரு ஆள் ரெப்ரசரா உக்காந்திருக்கார். ஆர்டிஎஸ்1-ல ஹிக், அதுல டாக்ஸின் ஜீன்தான் முன்னாடி வரும், அதனால படி 3-ஐ அப்படியே காப்பி அடிக்காதீங்க.

ஆர்1 பிளாஸ்மிடோட ஹாக்–சாக் முழுக்க வேற ஜாதி. அதுல ஆன்டிடாக்ஸின் புரோட்டீனே இல்ல, சின்ன ஆர்என்ஏ. ஹாக் எம்ஆர்என்ஏ முதல்ல தன்னைத்தானே சுருட்டிக்கிட்டு ரைபோசோமை உள்ள விடாது, அதோட வால்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா அரிக்கப்பட்டதும்தான் விரியும். விரிஞ்ச உடனே சாக் ஆர்என்ஏ வந்து ஒட்டிக்கும், ஆர்என்ஏஸ் 3 வந்து ரெண்டையும் வெட்டிடும். பிளாஸ்மிட் போயிடுச்சுன்னா சாக் ரொம்ப சீக்கிரம் காலி, சுருண்டு கிடந்த ஹாக் எம்ஆர்என்ஏ மட்டும் ஒவ்வொண்ணா விரிஞ்சு 52 அமினோ அமில டாக்ஸினைத் தயார் பண்ணும், அது செல் சவ்வைக் கெடுத்துடும். மைக்ராஸ்கோப்ல நடுவுல வெளிறிப்போன செல் தெரியும், பேய் செல்லுன்னே சொல்லுவாங்க. சரமும் கிடையாது விகிதமும் கிடையாது, படி 4-ஐ இங்க தூக்கிட்டு வராதீங்க.

இந்தியாவுல சிசிடி பத்தி வேலை செய்யறவங்க வேணும்னா பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல ராகவன் வரதராஜன் குழுவோட பேப்பர்களைப் பாருங்க. பியோட அமினோ அமிலங்களை ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி எது தாங்குது எது தாங்கலைன்னு பாத்திருக்காங்க. இப்பவே இல்ல, முதல்ல உங்க படத்தை முடிங்க.

படி 10: பேப்பர் படிக்கும்போது

"ஸ்ட்ரெஸ் குடுத்தோம், ஓப்பரானோட எம்ஆர்என்ஏ 20 மடங்கு ஏறிச்சு, ஆகவே டாக்ஸின் வேலை செய்யுது"ன்னு ஒரு வரி அடிக்கடி கண்ல படும். இப்போ உங்களுக்கே தெரியும், ஏ குறைஞ்சா ஓப்பரான் திறக்கும், எம்ஆர்என்ஏ ஏறும். ஆனா அதுல இருந்து நிறைய ஏ-தான் வரும். ஏறினது உண்மை, டாக்ஸின் அவிழ்ந்து வெளிய வந்துச்சான்னு அது சொல்லாது.

குரோமோசோம்ல இருக்குற டாக்ஸின்–ஆன்டிடாக்ஸின் விஷயத்துலயும் கவனமா இருங்க. 2011-ல ஈ.கோலையில 10 ஜோடியை எடுத்துட்டா ஆன்டிபயாடிக்குக்குத் தப்பிக்கிற செல்கள் குறையுதுன்னு ஒரு பேப்பர் வந்து ஏகப்பட்ட பேர் அதை வெச்சு எழுதினாங்க, அப்புறம் அந்த ஸ்ட்ரெய்ன்கள்ல ஃபை80 ஃபாஜ் (பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ்) புகுந்திருந்தது தெரிஞ்சு 2018-ல பேப்பரையே திரும்ப வாங்கிட்டாங்க. இன்னும் சில ரிவ்யூல அந்தப் படம் அப்படியேதான் இருக்கு.

அதனால அந்த மாதிரி வரி வந்தா, டாக்ஸின் அடிக்கிற இடத்தை நேரடியா பாத்தாங்களான்னு தேடுங்க, கைரேஸ் மாட்டிச்சா, டிஎன்ஏ வெட்டுப்பட்டுச்சா, அந்த மாதிரி. அப்படி எதுவும் இல்லைன்னா ஓரத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு அடுத்த படத்துக்குப் போங்க.